தகவல் மீட்பும் தகவல் கட்டமைப்பும்: நல்ல நூல், பாடம், கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

ஒரு மின்நூலகத்துக்குத் தேடல் வசதி அமைக்கும் பொறுப்போ, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு தளத்தை ஒழுங்குபடுத்தும் வேலையோ திடீரென்று தலையில் விழும்போது, எதிலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதே முதல் சிக்கலாகிவிடுகிறது. இணையத்தில் தேடினால் முடிவுகள் வந்து குவிகின்றன. அவற்றில் பெரும்பகுதி விளம்பரம், ஒரு பகுதி காலாவதியானது. உண்மையில் பயன்படக்கூடியவை பல்கலைக்கழக ஆசிரியர்களின் எளிய பக்கங்களில், தேடல் முடிவுகளின் முன்வரிசையை எட்டாமல் கிடக்கின்றன. தேடுபொறியைப் பற்றிய நல்ல பாடங்களே தேடுபொறியில் முன்னால் வராதது ஒரு வேடிக்கைதான். வழிகாட்ட ஆளில்லாமல் இந்தக் குவியலுக்குள் நீண்ட நாட்கள் அலைந்த பிறகு எனக்குப் பிடிபட்ட ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, பள்ளிக் கணக்கை முழுவதும் மறந்துவிடாத எவரும் இதைப் பின்பற்றலாம்.

1. உங்கள் கேள்வி எந்தத் துறையைச் சேர்ந்தது என்று முதலில் பிரியுங்கள்

தகவல் மீட்பு (இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல்) கணினியியலின் ஒரு கிளை. ஏராளமான ஆவணங்களிலிருந்து, ஒருவர் தட்டச்சு செய்யும் இரண்டு மூன்று சொற்களுக்குப் பொருத்தமானவற்றை எடுத்து, பொருத்தத்தின் வரிசையில் அடுக்கித் தருவது எப்படி என்பதே அதன் கேள்வி. தகவல் கட்டமைப்பு (இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர்) நூலகவியலுக்கும் வடிவமைப்புக்கும் இடையில் வளர்ந்த துறை. எதை எதனோடு சேர்த்து வைப்பது, அந்தத் தொகுதிக்கு என்ன பெயரிடுவது, படிப்பவர் எந்த வழியாக அதை அடைவார் என்று அது கேட்கிறது. இரண்டிலும் எழுதுகிறவர்கள் வேறு, மாநாடுகள் வேறு, நூல்களும் வேறு. இரண்டையும் ஒரே தேடலில் போட்டால் இரண்டுமே ஒழுங்காகக் கிடைக்காது.

பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. உங்கள் தளத்தைப் பயன்படுத்துகிறவர் "தேடினேன், வரவில்லை" என்று சொன்னால் நீங்கள் படிக்க வேண்டியது தகவல் மீட்பு. "எந்தப் பக்கத்துக்குள் போய்ப் பார்ப்பது என்றே தெரியவில்லை" என்று சொன்னால் தகவல் கட்டமைப்பு. இரண்டு புகாரும் வருகின்றன என்றால் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பெயரும் வகையும் ஒழுங்காக இல்லாத தொகுப்பின் மேல் எவ்வளவு திறமையான தேடுபொறியை வைத்தாலும் அது அந்த ஒழுங்கின்மையைத்தான் வேகமாக எடுத்துத் தரும்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. தகவல் மீட்பைத் தேடும்போது, தேடல் முடிவுகளில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்இஓ தொழிலைப் பற்றிய எழுத்துகள் வந்து மறிக்கும். அவை விற்பனையாளர்களுக்கானவை, தேடுபொறி உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை அவை பெரும்பாலும் ஊகமாகவே சொல்கின்றன. கூகுள் தன் தேடலைப் பற்றித் தானே வெளியிடும் சர்ச் சென்ட்ரல் ஆவணங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை இலவசம், நம்பகமானவை. தகவல் கட்டமைப்பைத் தேடும்போது, பெருநிறுவனங்களின் தரவுத்தள அமைப்பைக் குறிக்கும் வேறொரு பொருளில் அதே ஆங்கிலச் சொற்றொடர் வரும். "எண்டர்பிரைஸ்" என்ற சொல் தலைப்பிலேயே இருந்தால் பெரும்பாலும் அது உங்களுக்கானது இல்லை.

2. தகவல் மீட்புக்கு ஒரே ஒரு அடிமர நூல்

பத்து நூல்களின் பட்டியலைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. கிறிஸ்டோபர் மேனிங், பிரபாகர் ராகவன், ஹின்ரிஷ் ஷூட்சே ஆகிய மூவரும் எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2008-இல் வெளியிட்ட "இன்ட்ரொடக்‌ஷன் டு இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல்" என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தளத்தில் முழு நூலும், ஆசிரியர்களும் பதிப்பகமும் அனுமதித்த முறையில், இலவசமாகக் கிடைக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கும் வலைப்பக்க வடிவமும் உண்டு, பிடிஎஃப் வடிவமும் உண்டு. 2009 ஏப்ரல் 1 என்று தேதியிட்ட பிடிஎஃப் பதிப்பையே பதிவிறக்குங்கள். வேறு தளங்களில் சுற்றும் பிரதிகளில் அதற்கு முந்தைய வரைவுகள் கலந்திருக்கின்றன. அச்சுநூலில் கண்டறியப்பட்ட பிழைகளின் பட்டியலும் அதே தளத்தில் இருக்கிறது. ஒரு சூத்திரம் எவ்வளவு முயன்றும் பிடிபடாவிட்டால், உங்கள் மீது சந்தேகப்படுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

மொத்தம் 21 அத்தியாயங்கள். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் 1, 2, 6, 8. இந்த நான்கில், ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்று காட்டும் தலைகீழ் அட்டவணை எப்படி உருவாகிறது, சொற்களை எப்படி வெட்டுவது, ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை தருவது, கிடைத்த முடிவுகள் நல்லவையா என்று எப்படி அளப்பது என்பவை வந்துவிடும். இணையத் தேடலே உங்கள் நோக்கம் என்றால் அடுத்து 19, 20, 21 ஆகியவற்றுக்குப் போங்கள். இணையத்தின் இயல்பு, பக்கங்களைச் சேகரிக்கும் ஊர்வான், இணைப்புகளை வைத்துத் தரம் கணிக்கும் பேஜ்ராங்க் ஆகியவை அங்கே உள்ளன. பிறகு 11-ஆம் அத்தியாயத்தில் பிஎம்25 என்ற மதிப்பீட்டு முறை வரும் பகுதியை மட்டும் ஊன்றிப் படியுங்கள். இன்றைக்கும் லூசீன், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் கருவிகள் இயல்பாகப் பயன்படுத்துவது அதைத்தான். 13 முதல் 18 வரையிலான வகைப்படுத்தல், தொகுத்தல் அத்தியாயங்களைத் தேவை வரும்வரை தள்ளிப்போடலாம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், பயிற்சிக் கணக்குகளோடு, என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதங்களில் அடித்தளம் முடிந்துவிடும்.

கணக்கைப் பற்றிய பயம் வேண்டாம். மடக்கை என்றால் என்ன, இரு திசையன்களின் பெருக்கம் என்றால் என்ன என்பவை தெரிந்தால் முதல் எட்டு அத்தியாயங்களுக்குப் போதும்.

நீங்கள் நிரல் எழுதுகிறவர், சூத்திரத்தைவிடச் செய்முறையே உங்களுக்கு முக்கியம் என்றால், புரூஸ் கிராஃப்ட், டொனால்ட் மெட்ஸ்லர், டிரெவர் ஸ்ட்ரோமன் ஆகியோரின் "சர்ச் எஞ்சின்ஸ்: இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல் இன் பிராக்டிஸ்" நூலை அடிமரமாகக் கொள்ளலாம். அதையும் ஆசிரியர்களே இலவசமாகத் தருகிறார்கள். இரண்டையும் ஒருசேரத் தொடங்காதீர்கள். குறியீடுகள் மாறி மாறி வந்து குழப்பும்.

இவ்விரண்டு நூல்களுக்கும் ஒரே குறை வயது. நரம்பியல் வலையமைப்புகளை வைத்துத் தேடும் முறைகள் இவற்றுக்குப் பின் வந்தவை. அதற்காக இவற்றை ஒதுக்கிவிட்டு நேரே புதியவற்றுக்குப் போவதும் சரிப்படாது, ஏனெனில் புதிய கட்டுரைகள் எல்லாம் பிஎம்25-ஐ ஒப்பீட்டு அளவுகோலாக வைத்தே பேசுகின்றன. அடித்தளம் முடிந்ததும் ஜிம்மி லின், ரோட்ரிகோ நொகைரா, ஆண்ட்ரூ யேட்ஸ் மூவரும் எழுதிய "பிரீட்ரெய்ன்ட் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஃபார் டெக்ஸ்ட் ரேங்கிங்" நூலுக்கு வாருங்கள். அதன் முன்வரைவு, ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளைத் திறந்து வைத்திருக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசம். ஜுராஃப்ஸ்கி, மார்ட்டின் இருவரும் இணையத்தில் தொடர்ந்து புதுப்பித்துவரும் மொழிச் செயலாக்க நூலின் மூன்றாம் பதிப்பு வரைவிலும் தகவல் மீட்புக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. சுருக்கமாக முடித்துக்கொள்ள நினைப்பவருக்கு அது ஏற்றது.

3. தகவல் கட்டமைப்புக்குப் படிப்பும் அட்டைகளும்

இத்துறையில் அடிமர நூல் என்று சொல்லத்தக்கது, அட்டையில் உள்ள விலங்கால் துருவக்கரடி நூல் என்றே அழைக்கப்படும், லூயிஸ் ரோசன்ஃபெல்ட், பீட்டர் மார்வில் ஆகியோரின் "இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர்" நூல். முதல் பதிப்பு 1998-இல் வந்தது. நீங்கள் வாங்க வேண்டியது ஜார்ஜ் அராங்கோவும் சேர்ந்து எழுதி 2015-இல் வெளியான நான்காம் பதிப்பு. பழைய புத்தகக் கடைகளில் குறைந்த விலைக்கு முந்தைய பதிப்புகள் கிடைக்கும். அவற்றில் உள்ள எடுத்துக்காட்டுத் தளங்கள் பல இன்று இல்லை, கைபேசித் திரையைப் பற்றிய பேச்சும் பெரிதாக இல்லை. இது இலவச நூல் இல்லை. கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுங்கமைத்தல், பெயரிடல், வழிச்செலுத்தல், தேடல் ஆகிய நான்கு அமைப்புகளைப் பற்றிய அத்தியாயங்களே நூலின் உயிர். நேரம் இல்லாவிட்டால் அவற்றை மட்டும் படித்தாலும் வீண்போகாது.

காசு செலவழிக்காமல் தொடங்க விரும்புகிறவருக்கு ஆபி கோவர்ட் எழுதிய "ஹவ் டு மேக் சென்ஸ் ஆஃப் எனி மெஸ்" என்ற 2014-ஆம் ஆண்டு நூல் இருக்கிறது. முழுவதையும் அதற்கென உள்ள தளத்திலேயே படித்துவிடலாம். மெல்லிய நூல், ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், ஆனால் அதில் உள்ள பயிற்சிகளைச் செய்யாமல் படித்தால் ஒன்றும் தங்காது. நூலகவியல் கோணத்தில் ஆழமாகப் போக விரும்பினால் ராபர்ட் குளுஷ்கோ பதிப்பித்த "தி டிசிப்ளின் ஆஃப் ஆர்கனைசிங்" நூலின் திறந்த பதிப்பு இணையத்தில் கிடைக்கிறது. அது கனமான பாடநூல்; முதல் நூலாக அதை எடுத்தவர்கள் பலர் பாதியில் விட்டிருக்கிறார்கள். தேடல் பெட்டி, வடிகட்டிகள், முடிவுப் பட்டியல் ஆகியவை திரையில் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு மார்ட்டி ஹெர்ஸ்ட் எழுதிய "சர்ச் யூசர் இன்டர்ஃபேசஸ்" என்ற 2009-ஆம் ஆண்டு நூல் இரு துறைகளையும் இணைக்கும் பாலம். அதுவும் முழுமையாக இணையத்தில் இலவசம்.

நம் ஊர்க்காரர் ஒருவரை இங்கே விட்டுவிட முடியாது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், ஒரு பொருளை ஒரே கிளையில் தொங்கவிடாமல் பல முகங்களாகப் பிரித்துக் காட்டினார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்பவை அவர் வகுத்த ஐந்து முகங்கள். ஒரு புடவைக் கடைத் தளத்தில் நெசவு, நிறம், விலை, ஊர் என்று தனித்தனியாக வடிகட்ட முடிகிறதென்றால் அதன் பின்னால் இருக்கும் சிந்தனை இதுதான். ஆங்கிலத்தில் "ஃபேசட்" என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால் இந்தக் கோட்டில் வந்த கட்டுரைகள் வரிசையாகக் கிடைக்கும்.

படித்து மட்டும் இத்துறையைக் கற்க முடியாது. அட்டைப் பிரிப்பு என்ற பயிற்சியை உடனே செய்து பாருங்கள். உங்கள் தளத்தில் உள்ள நாற்பது ஐம்பது பக்கங்களின் பெயர்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, உங்களோடு வேலை செய்யாத ஒருவரிடம் கொடுத்து, அவருக்குச் சரியென்று தோன்றும்படி அடுக்கச் சொல்லி, ஒவ்வோர் அடுக்குக்கும் அவரையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். அவர் அடுக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். "இது எங்கே போகும்?" என்று அவர் கேட்டால் பதில் சொல்லாமல், அந்த அட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள், தளத்தில் பெயர் மாற்ற வேண்டிய பக்கம் அதுதான். ஜேக்கப் நீல்சன் 2004-இல் இதற்கு 15 பேர் போதும் என்று பரிந்துரைத்தார். செலவு ஒரு கட்டு அட்டையும் தேநீரும்தான். ஒருவருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நீல்சன் நார்மன் குழுமத்தின் தளத்தில் இதைப் பற்றியும், இதன் மறுபக்கமான, ஏற்கெனவே அமைத்த வகைகளுக்குள் ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்க்கும் மரச் சோதனையைப் பற்றியும் உள்ள கட்டுரைகள் இலவசம். அவர்களுடைய பயிற்சி வகுப்புகளின் கட்டணம் நம் ஊர்ச் சம்பளத்துக்கு ஒத்துவராது.

4. பாடங்கள்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

கற்பதற்குப் பெரும்பாலும் காசு தேவையில்லை, சான்றிதழுக்கே தேவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு குறையும். ஸ்டான்ஃபோர்டின் சிஎஸ்276 என்ற தகவல் மீட்புப் பாடத்தின் பழைய ஆண்டு வகுப்புகளின் படவில்லைகள் பொதுவெளியில் உள்ளன. மேலே சொன்ன மேனிங் நூலோடு அவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் பொருந்தும். காணொளியாக வேண்டுமென்றால் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் செங்ஷியாங் ஜாய் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்தும் "டெக்ஸ்ட் ரிட்ரீவல் அண்ட் சர்ச் எஞ்சின்ஸ்" நிதானமான, தெளிவான பாடம். கோர்செராவில் பதியும்போது இலவசச் சோதனைக் காலம் என்று அட்டை எண்ணைக் கேட்டால், அது முடிந்ததும் மாதக் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும் என்பதை மறவாதீர்கள். நிதியுதவி கேட்பதானால் தனியாக விண்ணப்பம் எழுத வேண்டும். முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம், ஆகவே பாடம் தொடங்கும் நாளுக்கு வெகு முன்பே எழுதிவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு, ஐஐடிகள் முதலியவை நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் உள்ளது. சனவரி, சூலை என்று ஆண்டுக்கு இருமுறை, அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் பதிவு தொடங்கும். பாடத்தில் சேர்வதும் வாராந்திரப் பயிற்சிகளை எழுதுவதும் இலவசம். நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டணம். சலுகை பெறும் பிரிவினர் அதற்கான சான்றிதழைத் தேர்வு விண்ணப்பத்தோடு பதிவேற்ற வேண்டும். பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிப்பு. சான்றிதழ் பெறப் பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தாக வேண்டும். இரண்டில் ஒன்றில் குறைந்தாலும் கிடைக்காது என்பதால், முதல் வாரப் பயிற்சிகளை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிறவர்கள் கடைசியில் தேர்வு நன்றாக எழுதியும் ஏமாறுகிறார்கள். தேர்வு விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எப்படி அடிக்கிறீர்களோ அப்படியே சான்றிதழில் வரும். முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாம் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். தேர்வு நாளில் நுழைவுச் சீட்டோடு அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். தகவல் மீட்பு என்ற பெயரில் இல்லாவிட்டால் ஐஐடி கரக்பூரின் இயல்மொழிச் செயலாக்கப் பாடம் நல்ல துணை. நூலகவியல் பக்கம் வருகிறவர்கள் இ-பிஜி பாடசாலையின் நூலக, தகவல் அறிவியல் பாடங்களைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம்.

தனியார் சான்றிதழ் வகுப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வகுப்பில், பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாக வைத்திருந்த படவில்லைகளே முத்திரை மட்டும் மாற்றிக் காட்டப்பட்டன. கட்டணத்தைத் திருப்பித் தர விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: முழுப் பாடத்திட்டம், கற்பிப்பவரின் பெயரும் அவர் முன்பு எழுதியதோ உருவாக்கியதோ ஏதாவது ஒன்று, கட்டணம் திருப்பும் விதி எழுத்தில். மூன்றில் ஒன்றைத் தர மறுத்தாலும் விலகிவிடுங்கள்.

5. ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணமின்றிப் பெறும் வரிசை

ஒரு கட்டுரையைத் திறக்கும்போது பணம் கேட்கும் பக்கம் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். முதலில் கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் தலைப்பைக் கொடுத்து, அதன் கீழே உள்ள "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பைத் திறந்து பாருங்கள்; ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் உள்ள பிரதி பெரும்பாலும் அங்கே அகப்படும். அடுத்து ஆர்க்கைவ் தளம். தகவல் மீட்புக்கென்றே அங்கே ஒரு தனிப் பிரிவு உண்டு. மொழி சார்ந்த கட்டுரைகளுக்கு, கணினி மொழியியல் கட்டுரைகளின் தொகுப்பான ஏசிஎல் ஆந்தாலஜி முழுவதும் திறந்தது. உலவியில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்துவிட்டால், சட்டப்படி இலவசமாக உள்ள பிரதி எங்கிருந்தாலும் பூட்டுக் குறியின் நிறம் மாறிக் காட்டிவிடும்.

இத்துறையின் முதன்மை மாநாடான சிகிர் உட்படப் பல மாநாடுகளின் தொகுதிகளை வைத்திருப்பது ஏசிஎம் மின்நூலகம். 1951 முதல் 2000 வரையிலான அதன் வெளியீடுகளை அது 2022-இல் அனைவருக்கும் திறந்துவிட்டது. 2026 சனவரி முதல் எல்லாவற்றையுமே திறந்த அணுகலுக்கு மாற்றுவதாகவும் அறிவித்தது. ஆகவே பழைய வழிகாட்டிகளில் "ஏசிஎம் சந்தா வாங்குங்கள்" என்று இருந்தால் அதை நம்பிப் பணம் கட்டும் முன் கட்டுரை திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 1992 முதல் நடத்திவரும் டிரெக் மதிப்பீட்டு மாநாட்டின் அறிக்கைகள் எப்போதுமே இலவசம்.

அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பவர்களுக்கு 2025 சனவரி 1 முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தின் கீழ் 30 பதிப்பகங்களின் இதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் நூலகரிடம் நிறுவன அடையாள அட்டையோடு போய், வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைவதற்கான கணக்கைக் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கணக்கு இருப்பதே மாணவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

இவ்வளவுக்கும் அகப்படாத கட்டுரைக்கு ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டுரையின் தலைப்பு, எதற்காகப் படிக்கிறீர்கள் என்று இரண்டு வரி, நன்றி, இவ்வளவு போதும். உங்கள் முழு ஆய்வுத் திட்டத்தையும் அதில் விவரித்தால் பதில் வரத் தாமதமாகும்.

6. நல்லது எது என்று சல்லடை போடுதல்

புதியவருக்கு மிகவும் பயன்பட்ட உத்தி ஒன்று: நூல்களைத் தேடாமல் பாடத்திட்டங்களைத் தேடுங்கள். துறையின் ஆங்கிலப் பெயரோடு "சிலபஸ்" என்ற சொல்லையும் சேர்த்து, கோப்பு வகையைப் பிடிஎஃப் என்று வரையறுத்துத் தேடினால் பல்கலைக்கழகங்களின் வாசிப்புப் பட்டியல்கள் வந்துவிடும். வெவ்வேறு நாடுகளிலிருந்து நாலைந்து பட்டியல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருபவைதான் துறையின் முதுகெலும்பு. ஆண்ட்ரே பிராடர் 2002-இல் எழுதிய, இணையத் தேடல்களை அறிதல், சென்றடைதல், செயல்படல் என மூன்று நோக்கங்களாகப் பிரிக்கும் சிறு கட்டுரை கிட்டத்தட்ட எங்கும் இருக்கும். இரு துறையினரும் படிக்க வேண்டிய அபூர்வமான கட்டுரை அது, பக்கங்களும் குறைவு.

ஒரு தகவல் மீட்புக் கட்டுரையைக் கையில் எடுத்ததும் முன்னுரையைத் தாண்டி நேரே சோதனைப் பகுதிக்குப் போங்கள். எந்தச் சோதனைத் தொகுப்பில் அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் "எங்கள் முறை சிறந்தது" என்று மட்டும் சொல்லும் கட்டுரை, சில நாட்களில் வெளியிட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் இதழ்களில் வந்ததாக இருக்கக்கூடும். தகவல் கட்டமைப்புக் கட்டுரையில் இதற்கு ஈடான கேள்வி, எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்பது.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நூற்பட்டியல் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இல்லாத கட்டுரைக்கு உண்மையான ஆசிரியர்களின் பெயரைப் பொருத்தி, ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துத் தரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைக் கொண்டு பதிப்பகப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்காமல் எதையும் உங்கள் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

7. படித்ததைத் தமிழில் ஓட்டிப் பாருங்கள்

ஆங்கில நூல்கள் ஆங்கிலச் சொற்களை வைத்தே விளக்குகின்றன. நம் மொழியில் அதே கணக்கைப் போட்டால்தான் சிக்கல் தெரியும். மூன்று சிறு ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் "ஆற்றில் வெள்ளம் வந்தது", இரண்டாவதில் "கோடையில் ஆறு வற்றியது", மூன்றாவதில் "ஆறு மாதம் கழிந்தது" என்று இருக்கின்றன. நீர் ஓடும் ஆற்றைப் பற்றி அறிய விரும்பி ஒருவர் "ஆறு" என்று தேடுகிறார். எழுத்தை அப்படியே ஒப்பிடும் தேடுபொறி இரண்டாவதையும் மூன்றாவதையும் தரும். முதலாவது தப்பிவிடும், ஏனென்றால் வேற்றுமை ஏற்றதும் "ஆறு" "ஆற்று" ஆகிவிட்டது. தந்த இரண்டில் ஒன்றே பொருத்தமானது, ஆகவே துல்லியம் பாதி. பொருத்தமான இரண்டில் ஒன்றே கிடைத்தது, ஆகவே மீட்பளவும் பாதி. எட்டாம் அத்தியாயத்தின் இரு அடிப்படை அளவைகளும் இந்த மூன்று வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. விகுதியை வெட்டும் அடிச்சொல் பிரிப்பான் முதல் ஆவணத்தை மீட்க உதவலாம்; மூன்றாவதை அதனால் விலக்க முடியாது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பல மொழிகளுக்கான அடிச்சொல் பிரிப்பான்களைக் கொண்ட ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பான் உள்ளது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பிலிருந்து அது உடன் வருகிறது. உங்கள் கணினியில் அதை நிறுவி, "ஆற்றில்", "வீட்டுக்கு", "மரங்களை" போன்ற சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று பட்டியலிடுங்கள். ஒரு மாலை நேர வேலை, ஆனால் இரண்டாம் அத்தியாயத்தை இதைவிட நன்றாகப் புரியவைக்கும் பயிற்சியை நான் பார்க்கவில்லை.

தரவுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தொகுப்பையும் பதிவிறக்கிக்கொள்ளலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களும் உண்டு. அவற்றில் பழைய கோப்புகளை எடுத்தால் அது யூனிகோடா, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றமா என்று முதலில் பாருங்கள். யூனிகோடிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. "கோ" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடுபொறிக்கோ அவை வேறு வேறு. "கோயில்" என்று தேடி, கண்முன்னே இருக்கும் ஆவணம் வராமல் போகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அட்டவணையிடும் முன் எல்லா உரையையும், இத்தகைய இரட்டைக் குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள். தேடும் சொல்லையும் அதே வடிவுக்கு மாற்றுங்கள்.

மதிப்பீட்டுத் தொகுப்புகளில் தமிழுக்கு இடம் குறைவு. 18 மொழிகளைக் கொண்ட மிராக்கிள் தொகுப்பில் தெலுங்கும் வங்கமும் இந்தியும் உள்ளன, தமிழ் இல்லை. இந்திய மொழிகளுக்கென 2008 முதல் நடந்துவரும் ஃபயர் மாநாட்டின் அறிக்கைகளைப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த உரைகளுக்கான பணிகள் 2020 முதல் அங்கே நடந்திருக்கின்றன. இத்தகைய தரவுகளைப் பெறும்போது ஒப்பந்தப் படிவம் கேட்கப்படலாம். நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்று அலுவலகத்தில் விசாரித்து வாங்கவே சில வாரங்கள் ஓடிவிடும், ஆகவே அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

8. கண்டெடுத்தவற்றைக் காப்பாற்றுதல்

ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலோ பாடப் பக்கம் காணாமல் போகும். நல்ல பக்கம் கிடைத்த அன்றே அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். அதற்குக் கணக்கோ கட்டணமோ தேவையில்லை. ஏற்கெனவே மறைந்துபோன பக்கத்தையும் அங்கேயே தேடலாம், ஆனால் பெரிய பிடிஎஃப் கோப்புகளும் காணொளிகளும் சில நேரம் சேமிக்கப்பட்டிருக்காது. அவற்றைப் பதிவிறக்கி, ஆசிரியர் பெயரும் ஆண்டும் கோப்புப் பெயரிலேயே வருமாறு வையுங்கள். ஸொட்டேரோ போன்ற இலவச மேற்கோள் மென்பொருள் ஒன்றை முதல் நாளிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். அதன் இலவச இணையச் சேமிப்பு 300 எம்பி மட்டுமே. படவில்லைகளையும் நூல்களையும் ஏற்றினால் விரைவில் நிறைந்துவிடும். விவரக் குறிப்புகளை மட்டும் அதில் ஒத்திசைத்து, கோப்புகளைச் சொந்த வன்தட்டில் வைத்துக்கொண்டால் கட்டணம் கட்ட வேண்டி வராது.